ஊற்றுச் சான்று

அந்தப் படத்துக்கு யோசனை எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் சொல்ல சிந்துஜாவிடம் ஒரு பதில் இருந்தது. ஆவரம்பாடியில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே நகராட்சியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. ஆறு கால்களை ஊன்றிக்கொண்டு இவ்வளவு உயரத்தில் நிற்கிறதே, இதற்குத் தலை சுற்றாதா என்று தோன்றியது. ஈரத் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டுக் கீழே ஓடிவந்து வரைந்தாள். உயரத்துக்குப் பயப்படும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிய ஏழு நிமிட அசைபடம். பெயர் 'தொட்டி மாமா'.

பதினெட்டு வருடங்களாகக் கல்யாண அழைப்பிதழ்களுக்கு ஆடும் பொம்மைகளும், பயிற்சி மையங்களுக்கு விளம்பரங்களும் வரைந்துகொண்டிருந்தவள் அவள். நாற்பத்து மூன்று வயதில், சென்னையில் சிறுவர் படங்கள் எடுக்கும் அகல்விழி படக்கூடம் கதைப் பிரிவுக்குத் தலைமை ஏற்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். முந்நூறு பேரில் நான்கு பேர் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் யாரையும் அந்தப் பதவிக்கு எடுப்பதில்லை.

நேர்காணலுக்கு எட்டு நாட்கள் இருந்தபோது, திருச்சி தில்லை நகரில் இருந்த ஒரு முன்சோதனை நிலையத்துக்குப் போனாள். இறுதிச் சுற்றுக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்துகொள்வதுதான். இயந்திரங்கள் ஒரே நாளில் லட்சம் கதைகளை எழுதித் தள்ளத் தொடங்கிய பிறகு ஒரு சட்டம் வந்திருந்தது. ஒரு படைப்பு மனித மனத்திலிருந்துதான் வந்தது என்பதற்கு ஊற்றுச் சான்று வேண்டும். நடுவர்களின் முன்னிலையில் அந்தச் சோதனை நடக்கும். அங்கே போய் முழிக்காமல் இருக்க, முன்கூட்டியே ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

நிலையத்தில் இருந்த ஃபர்ஹானா என்ற பெண் அவள் தலையில் மெல்லிய தொப்பி ஒன்றை மாட்டினாள்.

"உங்க படத்தக் காட்சி காட்சியா ஓட்டுவேன் மேடம். நீங்க சும்மா பார்த்தா போதும். ஒவ்வொரு காட்சியும் உங்க மூளையில எந்த நினைவத் தொடுதோ அத இது பிடிச்சிடும். பேச்சா இருந்தா பேச்சாவே எடுத்துக் குடுக்கும்."

"நானே மறந்து போனது கூட வருமா?"

"வரும். நிறைய பேர் இங்க வந்துதான் தெரிஞ்சுக்கறாங்க."

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. படத்தில் வரும் காக்கையின் நடைக்கு ஊற்று, பள்ளிக்கூடத்தில் நொண்டி நொண்டி வந்த ஒரு காக்கை. தொட்டியின் கனத்த குரலுக்கு, சிந்துஜாவின் சித்தப்பா. ஃபர்ஹானா திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏணியில் ஒரு படி உடைந்து தொங்கும் காட்சி வந்ததும் நிறுத்தினாள்.

"மொட்டை மாடி வருதா?" என்று சிந்துஜா கேட்டாள்.

"வருது மேடம். ஆனா அது ஊற்று இல்ல. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி ஒரு பேச்சு இருக்கு. தொட்டிக்குப் பயம்ங்கறது அங்கேருந்துதான் வந்திருக்கு." அவள் ஒலிபெருக்கியைச் சரிசெய்தாள். "பொதுவா நினைவுல பேச்சு சிதைஞ்சு போயிருக்கும். இது தொண்ணூத்தி நாலு சதவீதம் தெளிவா இருக்கு. போடட்டுமா?"

முதலில் பேருந்து இரைச்சல். பிறகு அவள் கணவன் இளம்பரிதியின் குரல், காதுக்கு மிக அருகில்.

"சிந்து, அந்தத் தொட்டி மேல நான் ஏறினதே இல்ல. எந்தத் தொட்டி மேலயும் ஏறினதில்ல. நாலு படி ஏறினா எனக்குக் கண்ண இருட்டிக்கிட்டு வருது. கீழ நின்னே கையெழுத்துப் போட்டுடுவேன். உள்ள ஏணி துருப்பிடிச்சுக் கெடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. சூசை குடிச்சுட்டு ஏறினாருன்னு எழுதுறாங்க. நான் பேசாம உட்கார்ந்திருந்தேன்."

அதற்கு ஒரு பெண் குரல் பதில் சொன்னது. அது தன் குரல்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கண்ண மூடித் தூங்குங்க. ஊரு வந்ததும் எழுப்புறேன்."

பதினோரு வருடங்களுக்கு முன்னால், பதினான்காம் வார்டு தொட்டியைக் கழுவ இறங்கிய சூசைமாணிக்கம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி, உள்ளே இருந்த ஏணி பிய்ந்து விழுந்து இறந்துபோனார். ஏணி நல்ல நிலையில் இருப்பதாக இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நகராட்சி உதவிப் பொறியாளர் இளம்பரிதி சான்று கொடுத்திருந்தான். திருச்சியில் விசாரணை நடந்தது. தொழிலாளி குடிபோதையில் இருந்ததாக எழுதி முடித்தார்கள். அன்று சிந்துஜா கணவனோடு போயிருந்தாள், மத்தியானப் பேருந்தில் சேர்ந்து திரும்பினார்கள். விசாரணையும் நினைவிருந்தது, பேருந்தும் நினைவிருந்தது. அந்தப் பேச்சு மட்டும் இத்தனை வருடங்களாக அவளுக்கு வரவே இல்லை.

ஃபர்ஹானா அவளைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினாள்.

"இது இப்ப எங்கயும் பதிவாகாது மேடம். உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"நேர்காணல்ல?"

"நடுவருங்க கேப்பாங்க. அப்புறம் முப்பது நாள்ல பொதுப் பதிவேட்டுல ஏறும். யாரு சொன்னது, என்ன சொன்னது, எல்லாம். யார் வேணா பார்க்கலாம்."

"வேற படத்தக் குடுத்தா?"

"தேர்வானது இந்தப் படம். மாத்த விடமாட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "விலகிக்கலாம் மேடம். உடம்பு சரியில்லன்னு ஒரு வரி எழுதினா போதும். ஒருத்தருக்கும் தெரியாது."

மறுநாள் காலை இளம்பரிதி வழக்கம்போல் நாற்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு மாதமாக அவன்தான் அவளுடைய நடுவர். அலுவலகத்துக்குக் கிளம்புமுன் இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளைக் கேள்வி கேட்பான். தப்பாகச் சொன்னால் திரும்பவும் சொல்லச் சொல்வான். அவளைவிட அவனுக்குத்தான் அந்த வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அதிகம். சென்னைக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் கூட எழுதி வைத்திருந்தான்.

"வணக்கம், வாங்க, உட்காருங்க," என்றான் குரலைக் கனமாக்கிக்கொண்டு. "இந்தத் தொட்டி மாமா யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

அவள் அவன் மடியில் இருந்த தட்டையே பார்த்தாள்.

"மொட்டை மாடி," என்று எடுத்துக் கொடுத்தான்.

"மொட்டை மாடி இல்லைங்க. பஸ்ஸு."

"எந்த பஸ்ஸு?"

"விசாரணை முடிஞ்சு திருச்சிலேருந்து வந்தோமே, அது."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. புரிந்துகொள்ள முயன்றபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒலிபெருக்கியில் கேட்டதை வார்த்தை மாறாமல் சொன்னாள். அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"சத்தியமா இல்லைங்க. எனக்கே நேத்துதான் தெரியும்."

"விலகிடு."

"இந்த வயசுக்கு மேல என்னை யாரு கூப்பிடுவாங்க?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பதிவேட்டுல ஏறினா என் வேலை போகும். வேலை மட்டுமா போகும்? கேஸு வரும். இந்த ஊருல நாம நடக்க முடியாது." அவன் குரல் ஏறவில்லை, மாறாக இறங்கிக்கொண்டே போயிற்று. "நான் அத உன்கிட்ட சொன்னேன் சிந்து. பொண்டாட்டிகிட்ட சொன்னேன். படம் வரையறவகிட்ட சொல்றோம்னு நெனச்சிருந்தா வாயத் தொறந்திருக்கவே மாட்டேன்."

அவளுக்கு அது நெஞ்சில் தைத்தது. அவன் சொன்னதில் பொய்யில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் சொன்னதும் அதுல இருக்குங்க," என்றாள்.

அவன் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டான். அதன் பிறகு வீட்டில் சோறு, குழாய், மின்சாரம் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். விலகல் கடிதத்தை அவள் இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் அனுப்பாமல் வைத்தாள்.

மூன்றாம் நாள் பதினான்காம் வார்டு அங்கன்வாடிக்குப் போனாள். குழந்தைகள் தன் படத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நேர்காணலில் சொல்ல வேண்டும் என்று ஆசிரியையிடம் காரணம் சொன்னாள். அதுவும் உண்மைதான். ஆனால் அங்கே உதவியாளராக இருப்பது சூசைமாணிக்கத்தின் மனைவி ரெஜினா என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருடங்களில் கடைத்தெருவில் எதிரே வந்தாலும் தலையசைத்துவிட்டு ஒதுங்கிப்போயிருக்கிறாள்.

சுவரில் படம் ஓடியது. தொட்டி மாமா கீழே பார்க்கப் பயந்து கண்களை இறுக மூடிக்கொண்டதும் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் குழந்தை எழுந்து நின்று, "பயப்படாத மாமா, நான் புடிச்சுக்கறேன்!" என்று கத்தியது. ரெஜினா சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனாள். சிந்துஜாவும் பின்னால் போனாள். ரெஜினா குழாயடியில் உட்கார்ந்து தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் பிடிக்கலையாக்கா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. புள்ளைங்க தெனமும் அதத்தான் போடச் சொல்லுதுங்க. எனக்குத் தொட்டின்னா ஆகாது, அவ்வளவுதான். அது ஓடுற நேரத்துக்கு நான் தட்டு கழுவ வந்துடுவேன்."

சிந்துஜா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்தாள். ரெஜினா அதை மெதுவாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா, இஞ்சினியர் வீட்டம்மா நீங்க." கொஞ்ச நேரம் தேய்த்தாள். "அவரு போனதக் கூட ஆண்டவரு சித்தம்னு விட்டுட்டேன். குடிச்சுட்டு ஏறினாருன்னு எழுதிட்டாங்க பாருங்க, அதத்தான் முழுங்க முடியல. என் மகளப் பார்க்க வந்தவங்க, பொண்ணோட அப்பா குடிச்சு செத்தவராமேன்னு கேட்டுட்டு, வெச்ச காபியத் தொடாமப் போனாங்க. அவரு ஒரு சொட்டு வாயில வெச்சதில்லம்மா. மூட்டு வலிக்கு டாக்டர் குடுத்த டானிக்க மோந்து பார்த்துட்டு, வாட வருதுன்னு கீழ ஊத்தினவரு."

"யார்கிட்டயும் சொல்லலையாக்கா?"

"பொண்டாட்டி சொன்னா யாரு நம்புவா? பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னுதானே சொல்லுவாங்க."

உள்ளே படம் முடிந்து குழந்தைகள் கைதட்டினார்கள். பேருந்தில் கேட்டதைச் சிந்துஜா அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது தன் வாயால் சொல்லக்கூடியது அல்ல என்று நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கணவனிடம், "நான் நேர்காணலுக்குப் போறேங்க," என்றாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான். நேர்காணலுக்கு முந்தின நாள் மாலை ரயில் நிலையத்தில் வண்டியில் கொண்டுபோய் விட்டான். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, ரயில் நகர்கிறவரை ஜன்னல் ஓரத்தில் நின்றான்.

அகல்விழி படக்கூடத்தில் நடுவர்கள் மூன்று பேர். தலைமை வகித்தவர் சௌந்தரநாயகி என்ற அறுபது வயது அம்மாள். வரவேற்பறையில் சிந்துஜாவைத் தவிர யாரும் இல்லை. தொப்பி மாட்டினார்கள், படம் ஓடியது. உடைந்த ஏணிப்படி வந்தது. பேருந்து இரைச்சலும், இளம்பரிதியின் குரலும், அவள் குரலும் அந்தக் குளிர்ந்த அறையில் ஒலித்தன.

"முன்சோதனை செஞ்சீங்களா?" என்று சௌந்தரநாயகி கேட்டார்.

"செஞ்சேன் மேடம்."

"அப்ப இது வரும்னு தெரிஞ்சேதான் வந்திருக்கீங்க."

"ஆமா."

"மத்த மூணு பேரும் வரல. ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தர் வீட்டுல விசேஷம், இன்னொருத்தர் காரணமே சொல்லல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தச் சோதனை வந்ததுலேருந்து கடைசிச் சுற்றுக்கு ஆள் வர்றதே குறைஞ்சு போச்சும்மா. நல்ல கதைக்கு அடியில எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இது இல்ல. இருந்திருந்தா நானும் வந்திருக்க மாட்டேன்."

பக்கத்தில் இருந்த சட்ட அலுவலர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வேலை உங்களுக்குத்தான் மேடம். படத்தையும் தொடரா எடுக்கப்போறோம். நீங்க கவலைப்பட வேண்டியதில்ல. படத்த நாங்க வாங்கிட்டா ஊற்று எங்க தொழில் ரகசியம் ஆயிடும். பதிவேட்டுல 'குடும்ப உரையாடல்'னு ரெண்டு வார்த்தை மட்டும்தான் இருக்கும். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் வராது."

அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "வெளியே வராதா?"

"எப்பவுமே வராது. நீங்களும் இத வெளியே பேசக்கூடாது, அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து. குழந்தைங்க படத்துக்கு அடியில ஒரு சாவு இருக்குன்னு தெரிஞ்சா யாரு போடுவாங்க?"

"கையெழுத்துப் போடலைன்னா?"

"படம் உங்களோடதாவே இருக்கும். சான்று முழுசா பதிவேட்டுல ஏறும். அப்புறம் நாங்க உங்கள எடுக்க முடியாது."

எட்டு நாட்களாக அவள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள். வேலையை ஏற்றால் கணவன் அகப்படுவான், விட்டுவிட்டால் தப்பிப்பான் என்று. இப்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. அவளுக்கு வேலையும் கிடைக்கும், அவனும் பிழைப்பான். தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேனாவையும் எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

பேனாவை மூடி வைத்தாள்.

"இந்தப் படத்த என்னால தர முடியாது மேடம்."

"ஏம்மா?"

"தொட்டிக்குப் பயம்னு வரைஞ்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தத் தொட்டிக்குள்ள ஒருத்தர் விழுந்து கெடந்தார். அவர நான் வரையவே இல்ல."

சௌந்தரநாயகி அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அங்கே அவள் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை திருச்சி நிலையத்தில் இளம்பரிதி காத்திருந்தான். சவரம் செய்யாத முகம். பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"என்ன ஆச்சு?"

"கிடைக்கலைங்க."

அவன் நடையை நிறுத்தினான். "அதக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

நடைமேடை இருக்கையில் அவளை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தான். கூட்டம் கலைந்துபோகட்டும் என்று காத்திருந்தான்.

"நேத்து மத்தியானம் கமிஷனர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன் சிந்து. தொட்டி மேல ஏறாம கையெழுத்துப் போட்டேன், ஏணியப் பார்க்கவே இல்லன்னு. விசாரணையில பேசாம இருந்ததையும் எழுதினேன்."

"நேத்தா? ஸ்டேஷனுக்கு வந்தீங்களே, அதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா. சொன்னா நீ ரயில் ஏறியிருக்க மாட்ட. உனக்கு அந்த வேலை கெடைக்கணும். மிச்சத்த அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். "என் குரலக் கேட்டுட்டுத்தானே வேணாம்னு சொல்லிருப்பாங்க? என்னாலதான் உனக்குப் போச்சு."

அந்தத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போட்டிருந்தாலும் உண்மை வெளியே வந்திருக்கும். பதினெட்டு வருடம் காத்திருந்த வேலையும் கையில் இருந்திருக்கும். அவளுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. சொல்லிவிடலாமா என்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லைங்க," என்றாள். "வேற ஒருத்தங்க என்னைவிட நல்லா பண்ணிருந்தாங்க."

அவன் நம்பினான். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"ரெஜினா வீட்டுக்குப் போனேன்," என்றான் பிறகு. "இன்னைக்குக் காலைல. வாசல்லயே நிக்க வெச்சுக் கேட்டாங்க. திட்டல, அழல. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல எல்லார் முன்னாடியும் இதச் சொல்லணுமாம்."

"சொல்றேன்னீங்களா?"

"ம்."

சனிக்கிழமை இளம்பரிதிக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடந்தே மாதா கோயிலுக்குப் போனார்கள். பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தைப் பங்குத்தந்தை கொஞ்சம் நிற்கச் சொன்னார். இருநூறு பேர் இருக்கலாம். முதல் வரிசையில் ரெஜினாவும் அவள் மகளும் நின்றார்கள். மகள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளம்பரிதி படிக்கட்டின் மூன்றாம் படியில் நின்றான். சிந்துஜா கீழே, அவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.

"என் பேரு இளம்பரிதி," என்று தொடங்கினான். "நகராட்சியில... பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, பதினாலாம் வார்டு தொட்டியில..." குரல் உள்ளே போயிற்று. "சூசைமாணிக்கம் அண்ணன் அன்னைக்குக் குடிச்சிருக்கல. ஏணி துருப்பிடிச்சிருந்தது. நான் பார்க்காமலே..."

பின்னால் யாரோ, என்ன சொல்றாரு என்று கேட்டார்கள். இளம்பரிதி திரும்பிச் சிந்துஜாவைப் பார்த்தான்.

ரெஜினா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க சார்," என்றாள். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."